நாற்பத்திரண்டு அரை டொலர்

மல்வேர்ன், ரொறன்ரோ
பங்குனி 14

தங்கச்சி மரியம்மாவுக்கு,

இந்த ஊரில் தெருப்பனியை அள்ளுவதற்கு ஆமியைக் கூப்பிட்ட வருடம் இது. மேலே வருடத்தை இலக்கத்தில் போடட்டுமா என்று எழுதுகிறவர் கேட்டார். வேண்டாம், இப்படியே எழுதுங்கோ, அவளுக்கு விளங்கும் என்றேன். தை பிறந்து இரண்டாம் நாள் தொடங்கிய பனி விட்டு விட்டு இரண்டு கிழமை கொட்டியது. பஸ் நின்றது, ரெயில் நின்றது. ஆமி வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் எங்கள் கட்டிடத்தின் ஐந்தாம் மாடி மனிசி ஒருத்தி பாஸ்போட்டையும் நகையையும் பைக்குள் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றாள். வந்த ஆமிக்காரர் சவளால் பனியை அள்ளினார்கள். பொடியன் ஒருவன் அவளைப் பார்த்துக் கைகாட்டினானாம். அவளுக்கு அன்று முழுவதும் காய்ச்சல்.

உன் கடிதம் அந்தப் பனிக்குள்தான் வந்தது. பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. பனியைச் சாட்டலாம். ஆனால் பனி மாசியிலேயே கரைந்துவிட்டது.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. வழக்கமாக அலெக்ஸாண்டர் எழுதுவான். இந்தக் கடிதத்தை என் மகன் எழுதக்கூடாது. ஒன்பதாம் மாடியில் தில்லையம்பலம் என்று ஒருவர் இருக்கிறார், ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். எங்கள் ஊர் ஆட்களை அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவரிடம் வந்தேன். நான் சொல்வதை எழுத்துத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். ஆட்கள் கதைத்ததையாவது கதைத்தபடியே போடுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பேத்தி நதீஷாவை, நீங்கள் இருக்கிற அதே மண்டபம் அகதி முகாமில் இருக்கிற றொய்சன் என்ற பொடியன் கேட்கிறான். பிள்ளைக்கும் விருப்பம். பொடியன் மரியரட்ணத்தின் மகள் வயிற்றுப் பேரன். நீ எழுதுவித்தது எனக்குப் பாடம்: “கள்ளன்ர பேரனுக்கு என்ர பேத்தியைக் குடுத்தால் என்ர மனுசன் வின்சன்ற் மேல இருந்து என்னை மன்னிப்பாரோ? நீ ஏலாது எண்டு ஒரு சொல்லு எழுதிவிடு அண்ணை. அதை நான் எல்லாருக்கும் காட்டுவன்.” அலெக்ஸாண்டர் இதை வாசித்துவிட்டு, “ஏலாது எண்டு எழுதுறதுதானே அப்பா” என்று பேனையை எடுத்தான். பொறு என்றேன். பொறுத்துப் பொறுத்து இன்றைக்கு ஆகிவிட்டது.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும்.

முதலில் வீட்டுப் புதினம். அலெக்ஸாண்டர் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறான். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். மில்லிக்கனில் வீடு வாங்க வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்து ஆட்டுகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு, விற்பனைப் பலகை நட்ட வீடுகளைப் பார்க்கப் போவான். இறங்கமாட்டான். காரில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புவான். மருமகள் ஜெயமலர் சுகம். சைவசமயப் பிள்ளை என்று நீ அப்போது முகம் சுளித்தாய். எனக்கு மூன்று நேரமும் சாப்பாடு போடுகிறவள் அவள்தான். பேரனுக்கு இழுப்பு. எனக்கு முழங்கால்.

பனியால் வேலை பூட்டிய நாட்களில் அலெக்ஸாண்டர் சப்பாத்துத் தேடி என் சூட்கேசை இழுத்தான். அதற்குள் இருந்த புகையிலைத் தகரம் விழுந்து திறந்தது. காசுகள் கட்டிலுக்குக் கீழே உருண்டன. எல்லாம் கறுத்து அடுப்புக்கரி மாதிரி.

“இதென்னப்பா?” என்றான்.

“கப்பலில உழைச்சது. அமெரிக்கன் அரை டொலர்” என்றேன்.

அதில் பாதி உண்மை. அமெரிக்கன் அரை டொலர்தான்.

எண்ணினான். நாற்பத்திரண்டு. நான் அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போதே உனக்கு நெஞ்சு இடித்திருக்கும். இருந்து கேள்.

அவனுடைய வேலையிடத்தில் எவனோ சொன்னானாம், பழைய அமெரிக்கன் காசு ஒன்றுக்கே ஆயிரம் ரெண்டாயிரம் கொடுக்கிறார்கள் என்று. அன்று முழுவதும் வீட்டில் சிரிப்பு. நாற்பத்திரண்டை ஆயிரத்தால் பெருக்கி வீடு வாங்கி, அந்த வீட்டுக்குக் கதவு என்ன நிறம் என்பது வரை கதைத்து முடித்துவிட்டார்கள். எனக்கு மேல்மாடியில் அறையாம். முழங்கால் வருத்தக்காரனுக்கு மேல்மாடி.

கரிபிடித்த காசைக் கொண்டுபோனால் யார் மதிப்பார்கள் என்று ஜெயமலர் நினைத்தாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி, பழப்புளி கரைத்து ஊறவிட்டு, உப்பும் திருநீறும் போட்டுத் தும்பால் உரஞ்சினாள். ஒரு பகல் முழுவதும் உரஞ்சினாள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருளை மினுக்காமல் பிறத்தியாருக்குக் காட்டத் தெரியாது. காசெல்லாம் நேற்று அடித்தது போல வெள்ளையாக வந்தன. கறுப்புப் போனதும் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் தெரிந்தது. மீன்முள் மாதிரி ஒரு நெடுங்கோடு, அதை வெட்டி இரண்டு குறுக்குக்கோடு.

உன் வலையின் மிதப்புக்கட்டை ஒவ்வொன்றிலும் இருந்த குறி. கடலில் ஒருவன் வலை இன்னொருவன் வலையோடு சிக்கினால் பிரித்தெடுப்பதற்காக வின்சன்ற் வெட்டி வைத்த குறி. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அந்தக் குறி தெரியும். நீயும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வாய், இது என் மனுசனுடையது என்று.

ஓம் மரியம்மா. உன் காசு என்னிடம்தான் இருந்தது.

தில்லையம்பலம் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

காசுக்கடை கென்னடி வீதிப் பிளாசா ஒன்றில், கோழி பொரிக்கிற கடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவன், என் வயது இருக்கும். துணி விரித்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, காசை விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினான். பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. அந்தப் பிடியைக் கண்டதுமே எங்கள் தும்பும் புளியும் செய்த வேலை எனக்கு விளங்கிவிட்டது.

சூரியனைப் பார்த்து நடக்கிற பெண் உள்ளதை ஒரு பக்கம் வைத்தான். மொட்டைத்தலை மனிதனும் மணியும் உள்ளதை மற்றப் பக்கம் வைத்தான். நானும் கப்பலில் அப்படித்தான் பிரிப்பேன். ஆனால் அவன் அதோடு விடவில்லை. வருடத்தைப் பார்த்தான். எறும்பளவு ஓர் எழுத்து இருக்கிறதாம், எந்த ஊரில் அடித்தது என்று சொல்வது, அதைப் பார்த்தான். பெண்ணின் கை தேய்ந்திருக்கிறதா, உடுப்பின் மடிப்புத் தெரிகிறதா என்று பார்த்தான். பழசு என்பதற்காக ஒருவரும் காசு தரமாட்டார்களாம். அந்த வருடம் அந்த ஊரில் எத்தனை அடித்தார்கள், எவ்வளவு தேயாமல் வந்திருக்கிறது, அதற்குத்தான் விலையாம்.

ஒரு காசை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. முப்பத்தெட்டாம் ஆண்டு, டி எழுத்துப் போட்டது, குறையத்தான் அடித்ததாம். அலெக்ஸாண்டர் மேசையைப் பிடித்துக்கொண்டான். கிழவன் அதை வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான்.

“ஆர் கழுவினது எண்டு கேக்கிறான்” என்றான் அலெக்ஸாண்டர்.

காசு சேர்த்து வைக்கிறவர்கள் கழுவின காசைத் தொடமாட்டார்களாம். தோல் உரித்த மாதிரியாம். போதாததற்கு ஒவ்வொன்றிலும் கீறலாம். “இதுகளில ஊசியால கீறினவன் ஆரோ, அவன்தான் எல்லாத்தையும் கொன்றவன்” என்று சொன்னானாம். செத்தவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டான். பிறகு நாற்பத்திரண்டையும் தராசில் கொட்டி வெள்ளியாக நிறுத்து, எல்லாமாக நூற்றைந்து டொலர் என்றான்.

யார் போட்ட குறி என்று அலெக்ஸாண்டர் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

“கப்பலில பட்ட கீறல்” என்றேன்.

காசை விற்கவேண்டாம் என்று சொல்லித் தகரத்தை வாங்கிக்கொண்டேன். அலெக்ஸாண்டர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். சிவப்பு விளக்கில் நின்றபோது, “அப்பா, இவ்வளவு காலமும் நீங்கள் பூட்டி வைச்ச புதையல் ரண்டு கிழமைச் சாமானுக்குக் காணாது” என்றான். நான் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அவன் பயந்துபோனான்.

வீட்டில் ஜெயமலர் அழுதாள், நான்தான் கெடுத்தேன் என்று. அழுது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, தட்டுப்பட்ட கீறல் எண்டால் நாப்பத்திரண்டிலையும் ஒரே மாதிரியே படும்?” என்று கேட்டாள்.

“நீ உன்ர புளியைப் பார்” என்றேன்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் தேத்தண்ணி தரும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கியூபாவுக்காக அமெரிக்காவும் ரஷ்யாவும் முட்டிக்கொண்டு நின்ற ஐப்பசி அது. எங்கள் கப்பல் பால்ரிமோரில் நின்றது. வின்சன்றும் நானும் மரியரட்ணமும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தூங்குவோம். வின்சன்ற், அமெரிக்கத் துறைமுகம் எதில் நின்றாலும் இறங்கிப் போய்ச் சரக்கறை கூட்டி, கைக்கு ஓர் அரை டொலர் வாங்கி வருவான். வந்ததும் சாக்கு ஊசியால் தன் குறியைக் கீறித் தகரத்தில் போடுவான். “உன்ர காசை ஆரடா களவெடுக்கப்போறான்?” என்று நான் பகிடி பண்ணுவேன். “கடலில எல்லாருக்கும் கை நீளம் மச்சான்” என்பான்.

ஒருநாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஸ்ரெச்சரில் இறக்கும்போது தலையணைக்குக் கீழிருந்த தகரத்தை எடுத்து என் கையில் தந்தான். “மச்சான், நான் வராட்டில் மரியம்மாவிட்டக் குடு. நாப்பத்திரண்டு இருக்கு” என்றான். மரியரட்ணம் ஸ்ரெச்சரின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் கேட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

மரியரட்ணத்தின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. எனக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. வின்சன்றின் றங்குப்பெட்டியை மரியரட்ணம்தான் கொண்டுவந்து உன் வாசலில் இறக்கினான். நீ கிளறினாய். உடுப்பு இருந்தது, செபமாலை இருந்தது, காசு இல்லை. நாற்பத்திரண்டு என்று வின்சன்ற் முன்பே உனக்கு எழுதியிருந்தான். நீ மரியரட்ணத்தைப் பிடித்தாய். “சீமோனண்ணையிட்ட இருக்கு. அண்ணை வரட்டும்” என்று அவன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு என்னைப் பார்த்திருந்தான்.

மாசியில் வந்தேன். ரெயிலில் வரும்போதுகூட உன்னிடம் தருவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. கரைக்கு வந்தேன். அங்கே எங்களைப் பெற்ற அப்புவின் வள்ளம் நின்றது. உனக்குச் சீதனமாகக் கொடுத்த வள்ளம். அதில் ஒன்பது வயதிலிருந்து தண்ணீர் இறைத்தவன் நான். மூத்தவன் நான். வள்ளமும் வலையும் உனக்குப் போயின. எனக்கு எவனுடைய கப்பலிலோ எண்ணெய் துடைக்கிற வேலை. அந்த வள்ளத்தைக் கண்டதும் தகரம் இருந்த பையை இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிய அந்தோனியார் கோவில் முற்றத்தில் என்னையும் மரியரட்ணத்தையும் நிறுத்தினார்கள். மரியரட்ணம் தன் ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, “அண்ணை, தகரத்தை உன்ர கையிலதானே வின்சன்ற் தந்தவன்? சொல்லண்ணை” என்றான். அவன் முகத்தில் பயமே இல்லை. நான் வந்துவிட்டேன், இனி முடிந்தது என்று நினைத்தான். சிரித்தபடிதான் கேட்டான்.

“நான் ஒரு தகரத்தையும் காணேல்லை” என்றேன்.

நீ மண்ணை அள்ளி அவன் முகத்தில் எறிந்தாய். பிள்ளையின் கண்ணிலும் விழுந்தது.

அதன்பிறகு அவனை ஒரு வள்ளத்திலும் ஏற்றவில்லை. நீ செவ்வாய்க்கிழமைகளில், காணாமல் போனதைக் காட்டித்தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாய். நான் உன் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். தகரம் என் வீட்டு அரிசிப் பெட்டிக்குக் கீழே கிடந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலில் ஊர் அழிந்தபோது நிவாரண அரிசி பங்கிட்டார்கள். கள்ளனுக்குக் கடைசியில் என்றார்கள். கடைசியில் அரிசி முடிந்துவிட்டது. அந்த மாதம்தான் அவன் பெண்சாதி பிள்ளையோடு விடத்தல்தீவுக்குப் போனான்.

ஒருமுறை வந்தான். அவன் மகளுக்குப் பேசிய கலியாணம் குழம்பிய நேரம். படலைக்கு வெளியில் நின்றுகொண்டு, “எனக்கு ஒண்டும் வேண்டாம் அண்ணை. காசையும் நீயே வைச்சிரு. என்ர பிள்ளைக்காக ஒருக்கா ஆக்களுக்கு முன்னால சொல்லு” என்றான். நான் உள்ளே போய் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வாங்காமல் போய்விட்டான்.

தொண்ணூறில் எல்லோரும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது, வள்ளம் ஓட்டியவன் நடுக்கடலில் இறக்கிவிட்ட மணல்திட்டியில் தண்ணீர் இல்லாமல் அவன் செத்தான். அதையும் நீதான் எழுதுவித்தாய். “கள்ளனுக்கு மணல்தான் கிடைச்சது” என்று போட்டிருந்தாய். நாங்கள் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அலெக்ஸாண்டர் வாசித்தான். நான் “ஓம்” என்றேன்.

ஏன் விற்கவில்லை என்று கேட்பாய். மன்னாரில் மாற்றினால் ஊருக்குத் தெரியும். பிறகு மாற்ற மனமில்லை. கொடுக்கவும் மனமில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்தத் தகரத்தைத் திறந்து காட்டினேன். “பாட்டா சீஐஏயோ?” என்று ஓர் ஆமிக்காரன் கேட்டான். கனடா வரைக்கும் சுமந்தேன். கடைசியில் ஒரு கிழவன் தராசில் போட்டுச் சொன்னான், நூற்றைந்து டொலர் என்று. மரியரட்ணத்தை எதில் நிறுப்பது என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதட்டுமா என்று தில்லையம்பலம் கேட்டார். வேண்டாம் என்றேன். நீயும் சும்மா இருந்தவள் இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டாய். என் அரிசிப் பெட்டியை ஒருநாள் நகர்த்திப் பார்த்தாயா? அண்ணன் பொய் சொல்லமாட்டான் என்று இருந்துவிட்டாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தில்லையம்பலம் தலையை ஆட்டுகிறார். ஆட்டட்டும்.

அவருடைய மகள் சித்திரையில் சென்னைக்கு வருகிறாள். தகரத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஏலாது என்று நான் எழுதித் தந்தால் எல்லாருக்கும் காட்டுவேன் என்றாயே, இந்தக் கடிதத்தைக் காட்டு. முகாமில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, முதல் வரியிலிருந்து, ஆட்களுக்கு முன்னால் வாசிப்பி. அலெக்ஸாண்டருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீ எழுதிவிடு. உன் கடிதத்தை வாசிக்கிறவன் அவன்தானே, அவன் வாயாலேயே கேட்கிறேன். நதீஷாவை அந்தப் பொடியனுக்குக் கட்டிக்கொடு. அவர்கள் நல்லாயிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு உன் அண்ணன் என்று கீழே போடட்டுமா என்று கேட்கிறார். அது நீ சொல்லவேண்டியது. என் பெருவிரலை மட்டும் வைக்கிறேன்.

அன்று கோவில் முற்றத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். சுவாமியார் இல்லை. கோவில் மூப்பர் சூசைப்பிள்ளை புயலில் போனார். அப்பு இல்லை, அம்மா இல்லை. மரியரட்ணம் இல்லை, அவன் பெண்சாதி மடுவில் காய்ச்சலில் போனாள். உன்னையும் என்னையும் விட்டால், தலையில் தகப்பனின் கையும் கண்ணில் நீ எறிந்த மண்ணுமாக நின்ற அந்தப் பிள்ளை ஒருத்திதான் மிச்சம். உன் கொட்டிலுக்கு நாலு கொட்டில் தள்ளி இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கால் நடக்கும்போதே போ. இன்னும் ‘கள்ளன்ர மகள்’ என்று கூப்பிடாதே. மரியரட்ணம் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. வாசலில் நின்று அதைச் சொல்லிக் கூப்பிடு: செபஸ்தியம்மா.